கண்ணீரை எழுதினோம், உயரத்தை எழுதவில்லை

சேலத்திலும் நாமக்கல்லிலும் அவற்றைச் சுற்றிய ஊர்களிலும் வசிக்கும் வாசகர்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுவது எங்கள் வழக்கம். பெரும்பாலும் நாவல், சில நேரம் கவிதை, எப்போதாவது கல்வெட்டு. சில மாதங்களுக்கு முன் வேறொரு வேலையை மேற்கொண்டோம். இவ்வட்டாரத்து மனிதர்களைப் பற்றி, பள்ளி மாணவர்கள் படிக்கத்தக்க சிறு குறிப்புகளை எழுதித் தொகுப்பது என்று முடிவு செய்தோம். முதற்குறிப்பு தீவட்டிப்பட்டியை அடுத்த பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலுவைப் பற்றியது. 2016 செப்டம்பர் 9 அன்று ரியோ டி ஜெனீரோவில் நடந்த பாராலிம்பிக்கில், ஆடவர் உயரம் தாண்டுதலில் டி-42 பிரிவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றவர். அந்தத் தாண்டலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது ஒரு மாலைப் பொழுதின் வேலை என்றே நினைத்தோம்.

பல மாலைகள் போயின. சேர்த்து வைத்த செய்தித்தாள் நறுக்குகளையும், வார இதழ்க் கட்டுரைகளையும், பின்னாளில் வந்த தன்னம்பிக்கை நூல்களின் அத்தியாயங்களையும் ஒரு மேசையில் பரப்பி வைத்துப் படித்தோம். ஐந்து வயதில் பள்ளிக்கு நடந்து போகையில் பேருந்து மோதி வலது கால் நசுங்கியது எல்லாவற்றிலும் இருந்தது. தாயார் காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காத்தது எல்லாவற்றிலும் இருந்தது. வாடகை வீடு, கடன், மருத்துவச் செலவு, ஆனந்தக் கண்ணீர் எல்லாம் இருந்தன. பரிசுத் தொகை கொட்டை எழுத்தில் இருந்தது. தாண்டல் மட்டும் ஒரு வாக்கியத்தில் முடிந்திருந்தது. பல கட்டுரைகளில் அந்த வாக்கியத்திலும் உயரத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

எங்கள் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தமிழில் எழுதுகிறவர்கள், எங்களையும் சேர்த்தே சொல்கிறோம், ஒரு வீரனின் துயரத்தை எழுதுவதே அவனுக்குச் செய்யும் மரியாதை என்று நம்புகிறோம். அது மரியாதை ஆகாது. செயலைத் தள்ளிவைத்துவிட்டுத் துயரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, அந்தச் செயலைப் பார்க்க மறுப்பதேயாகும். ஒருவன் செய்ததை விவரமாகத் தெரிந்துகொண்டு சரியாகச் சொல்வதுதான் அவனுக்குச் செய்யும் முதல் மரியாதை.

*

இது இதழாளர்களின் குறை மட்டும் என்று சொல்லித் தப்பிக்க எங்களுக்கு வழியில்லை. எங்களில் இருவர் ஓமலூர்ச் சாலையில் ஒரு தேநீர்க் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் தாமாகவே உரையாடலில் கலந்துகொண்டார்.

“ரெண்டு கோடி குடுத்தாங்களே, அந்தப் பையனைப் பத்தித்தானே பேசறீங்க தம்பி?”

“ஆமாங்கய்யா. எவ்வளவு உயரம் தாண்டினாருன்னு ஞாபகம் இருக்குங்களா?”

“அது தெரியலைங்க. ஆனா அவங்கம்மா காய் வித்துப் படிக்க வெச்சாங்க. அது பெரிய விசயமில்லைங்களா?”

பெரிய விசயம்தான்; நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் பேச்சு கிரிக்கெட்டுக்குத் திரும்பியதும் அதே பெரியவர் வேறு மனிதரானார். 1986இல் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டின் கடைசி ஓவரைப் பந்து பந்தாகச் சொன்னார். “மணீந்தர் பேட்டுல பட்டுச்சுங்க தம்பி. அம்பயர் அவசரப்பட்டுட்டாரு” என்று நேற்று நடந்ததுபோலக் கோபப்பட்டார். அந்த ஆட்டத்தை அவர் நேரில் பார்த்தவர் அல்லர். சேலத்தில் உட்கார்ந்து வானொலியில் கேட்டவர்.

அவர் சொன்னதைப் பின்னர் சரிபார்த்தோம். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. 1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை நடந்த ஆட்டம் அது. ஆஸ்திரேலியா முதலில் 7 விக்கெட் இழப்புக்கு 574 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. டீன் ஜோன்ஸ் சென்னை வெயிலில் களத்திலேயே வாந்தியெடுத்தபடி 210 ரன் அடித்துவிட்டு மருத்துவமனைக்குப் போனார். கபில்தேவ் 119 ரன் அடித்து இந்தியாவை மீட்டார். கடைசி நாளில் வெற்றிக்குத் தேவை 348 ரன். கடைசி ஓவரில் நான்கு ரன் வேண்டும். கைவசம் ஒரு விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு ரன்னும் பிறகு ஒரு ரன்னும் எடுத்துச் சமன் செய்துவிட்டு, மணீந்தர் சிங்கை மட்டையாளர் முனையில் நிறுத்தினார். கிரெக் மேத்யூஸ் வீசிய ஐந்தாவது பந்தில் நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். எல்பிடபிள்யூ. இந்தியா 347. டெஸ்ட் வரலாற்றில் அதுவரை ஒரே ஒருமுறைதான், 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆட்டம் அப்படிச் சமனாகியிருந்தது.

பந்து மட்டையில் பட்டது என்று மணீந்தர் சொல்லிவருகிறார். நேராகக் காலில்தான் பட்டது என்பது மேத்யூஸின் கட்சி. விக்ரம்ராஜு தம் தீர்ப்பிலிருந்து பின்வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த டெஸ்டிலும் நடுவராக நிற்கவும் இல்லை. சாஸ்திரி அந்த ஒரு ரன்னை எடுத்திருக்க வேண்டுமா என்பது இன்னொரு வழக்கு. எடுத்ததால் தோல்வி இல்லை என்பது உறுதியாயிற்று என்பார் ஒரு சாரார். வெற்றியை மணீந்தரின் கையில் விட்டுவிட்டார் என்பார் மறு சாரார். ஒரு விநாடியை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகளாக வழக்காடுகிறார்கள். அந்த விநாடி சாகாமல் இருப்பதற்குக் காரணம் அந்த வழக்காடல்தான்.

*

இதில் அமெரிக்கர்களை விஞ்ச ஆளில்லை. அவர்களுடைய தேசிய ஆட்டமான பேஸ்பாலில் 1932 அக்டோபர் 1 அன்று நடந்த ஒன்றைப் பற்றி இன்றுவரை ஆய்வு செய்கிறார்கள். சிகாகோவின் ரிக்லி மைதானம், உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், ஐந்தாவது சுற்று, 4க்கு 4 என்ற சமநிலை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் பேப் ரூத் மட்டையோடு நிற்கிறார். எதிரணியினர் வசைபாடுகிறார்கள். ரூத் கையை நீட்டி எதையோ சுட்டுகிறார். சார்லி ரூட் வீசிய அடுத்த பந்தை மைதானத்தின் நடுப்பகுதிக்கு மேலாக வெளியே பறக்க விடுகிறார். எங்கே அடிக்கப்போகிறேன் என்று முன்கூட்டியே சுட்டிக் காட்டிவிட்டு அடித்தார் என்பது புராணம். அவர் சுட்டியது பந்துவீச்சாளரையா, எதிரணியின் இருக்கையையா, மைதானத்தின் எல்லையையா என்பது கேள்வி. ரூட் கடைசிவரை அந்தப் புராணத்தை ஏற்கவில்லை. பார்வையாளர்கள் இருவர் தத்தம் கையடக்கக் காமிராவில் எடுத்த படச்சுருள்கள் பல பத்தாண்டுகள் கழித்து வெளியே வந்தன. அவற்றைச் சட்டகம் சட்டகமாக நிறுத்திப் பார்த்தார்கள். கேள்வி தீரவில்லை. தீராவிட்டாலும், ஒரு மனிதனின் விரல் எந்தத் திசையில் இருந்தது என்பதை அறிவதற்காகத் தலைமுறைகள் உழைத்திருக்கின்றன.

அங்கே ஒரு விரலுக்கு இவ்வளவு உழைப்பு. இங்கே ஒரு முழு உடல் ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேலே எழும்பிக் கம்பியைத் தாண்டியிருக்கிறது. அது எவ்வளவு உயரம் என்பதைக்கூட நாம் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நமக்கு நினைவில் நிற்பது இரண்டு கோடி.

*

அந்தத் தாண்டலைப் பற்றி என்னதான் தெரிந்துகொள்ள இருக்கிறது என்று கேட்கலாம். நாங்கள் சேர்த்தவற்றில் சிலவற்றை இங்கே வைக்கிறோம்.

முதலில் ஒரு பிழை. மாரியப்பனை ‘பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற முதல் இந்தியர்’ என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது தவறு. 1972இல் ஹைடல்பர்க்கில் முரளிகாந்த் பேட்கர் நீச்சலில் தங்கம் வென்றார். 2004இல் ஏதென்சில் தேவேந்திர ஜஜாரியா ஈட்டி எறிதலில் வென்றார். மாரியப்பன் மூன்றாமவர். உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற முதல் இந்தியர் என்பதே அவருக்கு உரிய சிறப்பு. இல்லாத ஒரு முதன்மையை அவருக்குச் சூட்டுவதால் அவர் உயர்வதில்லை. பேட்கரும் ஜஜாரியாவும்தான் மறைகிறார்கள்.

அடுத்தது, எந்தக் கட்டுரையிலும் எங்கள் கண்ணில் படாத ஓர் ஒப்பீடு. அதற்கு முந்தைய பாராலிம்பிக்கில், 2012இல் லண்டனில், இதே வகைப் போட்டியில் தங்கம் கிடைத்த உயரம் 1.74 மீட்டர். வென்றவர் ஃபிஜித் தீவின் இலியேசா டெலானா. வெள்ளி வென்ற கர்நாடகத்தின் கிரீஷா நாகராஜேகௌடாவும் அதே 1.74 தாண்டினார். நான்கே ஆண்டுகளில் தங்கத்தின் உயரம் 15 சென்டிமீட்டர் கூடிற்று. ரியோவில் வெண்கலம் வென்ற வருண் சிங் பாட்டி தாண்டியது 1.86. அதாவது லண்டனில் தங்கம் வென்ற உயரத்தைவிட 12 சென்டிமீட்டர் அதிகம் தாண்டியவருக்கு ரியோவில் மூன்றாம் இடமே கிடைத்தது. ஒரு விளையாட்டின் அளவுகோலே இப்படி மாறிப்போன நாளில் அதன் உச்சியில் நின்றவர் நம் ஊர்க்காரர். இதைவிடப் பெரிய செய்தி என்ன வேண்டும்?

மூன்றாவது, அந்த டெலானாவைப் பற்றி. அவர் மூன்று வயதில் ஒரு பேருந்து விபத்தில் இடது காலை இழந்தவர். செயற்கைக் கால் பூட்டாமல் ஒற்றைக் காலால் எம்பி ஓடிவந்து தாண்டியவர். பேருந்து ஒன்றினால் குழந்தைப் பருவத்தில் காலைப் பறிகொடுத்த இருவர், உலகின் இரண்டு மூலைகளிலிருந்து வந்து, அடுத்தடுத்த பாராலிம்பிக்கில் ஒரே போட்டியில் தங்கம் வென்றிருக்கிறார்கள். மாரியப்பனைப் பற்றிய கட்டுரைகளெல்லாம் பேருந்திலேயே நின்றுவிட்டன என்றோம். பேருந்தைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்றால்கூட, சற்று அக்கம்பக்கம் பார்த்திருந்தால் இது கிடைத்திருக்கும்.

நான்காவது, வெள்ளியும் வெண்கலமும். ரியோவில் அமெரிக்காவின் சாம் க்ரூவும் நம் வருணும் ஒரே 1.86 தாண்டினார்கள். க்ரூவுக்கு வெள்ளி, வருணுக்கு வெண்கலம். ஏன்? உயரம் தாண்டுதலில் ஒவ்வோர் உயரத்துக்கும் மூன்று வாய்ப்பு உண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் வெளியேற வேண்டும். இருவர் ஒரே உயரத்தில் நின்றுவிட்டால், அந்த உயரத்தில் குறைவாகத் தவறியவர் முந்துவார். அதிலும் சமன் என்றால் போட்டி முழுதும் குறைவாகத் தவறியவர் முந்துவார். எனவே உயரம் தாண்டுகிறவன் தாண்டுவதோடு கணக்கும் போட வேண்டும். எந்த உயரத்தை விட்டுக்கொடுப்பது, எதில் இறங்குவது, எப்போது பலத்தைச் சேமிப்பது என்று ஒவ்வொரு நொடியும் தீர்மானிக்க வேண்டும். முடிவுத்தாளில் தாண்டியதற்கு ஒரு வட்டம், தவறியதற்கு ஒரு பெருக்கல் குறி, விட்டுக்கொடுத்ததற்கு ஒரு சிறு கோடு. அவ்வளவுதான். படிக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு பக்கம் ஒரு சிறுகதை.

ஐந்தாவது, அந்த உடல். டி-42 என்பது முழங்காலுக்கு மேல் ஒரு காலை இழந்தவர்களும் அதற்கு ஒப்பான குறைபாடு உடையவர்களும் சேர்ந்து போட்டியிட்ட பிரிவு. வருணுக்குப் போலியோ. க்ரூ எலும்புப் புற்றுநோயால் காலின் ஒரு பகுதியை இழந்து செயற்கைக் காலோடு தாண்டுகிறவர். மாரியப்பன் செயற்கைக் கால் இன்றித் தாண்டுகிறவர். மூன்று உடல்கள், மூன்று விதமான குறைகள், எதிரே ஒரே கம்பி. 1968இல் மெக்சிகோவில் டிக் ஃபாஸ்பரி முதுகை வானுக்குக் காட்டாமல் கம்பிக்குக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றார். அது முதல் உயரம் தாண்டுதலின் இலக்கணமே மாறிற்று. வளைந்த பாதையில் சாய்ந்து ஓடிவர வேண்டும். கடைசி இரண்டு அடிகளில் ஓட்டத்தின் வேகத்தை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். ஒற்றைக் காலால் எழும்ப வேண்டும். இரு கால்களும் ஒத்திருப்பவர்களுக்கே அந்த வளைவும் தாளமும் வாய்க்கப் பல ஆண்டுப் பயிற்சி தேவை. கால்கள் ஒவ்வாதவன் தன் நடைக்கென்று ஒரு தாளத்தைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் மாரியப்பனின் கலை. அவர் பள்ளியில் குறையில்லாத மாணவர்களோடு போட்டியிட்டுக் கற்றது அது. உடற்கல்வி ஆசிரியரிடமும் பின்னர் பெங்களூரில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவிடமும் தீட்டிக்கொண்டது அது. 2016 மார்ச்சில் துனீசியாவில் 1.78 தாண்டி ரியோவுக்குத் தகுதி பெற்றவர், அதே செப்டம்பரில் 1.89 தாண்டினார் என்றால், இடைப்பட்ட ஆறு மாதங்களில் நடந்தது உழைப்பும் நுட்பமும். கண்ணீரால் யாரும் 11 சென்டிமீட்டர் உயர்வதில்லை.

1.89 மீட்டர் என்றால் எவ்வளவு என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்ல நினைத்திருக்கிறோம். பழைய ஓட்டு வீடுகளில் நெடிய ஆட்கள் குனிந்துதான் உள்ளே நுழைவார்கள். அந்த வாசற்காலின் மேல்சட்டத்தை நிமிர்ந்து பாருங்கள். அதற்கும் மேலே, சட்டத்தில் முதுகு படாமல் ஓர் ஆள் கடந்து போனார்.

*

ரியோவோடு கதை முடியவில்லை என்பதும் பலருக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டு 31 அன்று டோக்கியோவில் மாரியப்பன் மீண்டும் க்ரூவை எதிர்கொண்டார். தொடக்க விழாவில் தேசியக் கொடியை ஏந்த இருந்தவர் அவர். பயணத்தில் கொரோனாத் தொற்றுள்ள ஒருவரோடு விமானத்தில் வந்ததால் தனிமைப்படுத்தப்பட்டார். கொடியை வேறொருவர் ஏந்தினார். போட்டி நாளில் மழை தூறியது. இருவரும் 1.86 தாண்டினார்கள். கம்பி 1.88க்கு உயர்ந்தது. மாரியப்பன் மூன்று முறையும் தவறினார். க்ரூ தமது மூன்றாவது வாய்ப்பில், கடைசி வாய்ப்பில், தாண்டிவிட்டார். இடைவெளி இரண்டு சென்டிமீட்டர். குறைபாடுள்ள காலில் அணிந்திருந்த காலுறை மழையில் நனைந்ததால் தாண்டக் கடினமாயிற்று என்று மாரியப்பன் பின்னர் சொன்னார்.

ஒரு நனைந்த காலுறை, இரண்டு சென்டிமீட்டர், எதிராளியின் கடைசி வாய்ப்பு. சேப்பாக்கத்தின் ஐந்தாவது பந்துக்கு இது எவ்வகையில் குறைந்தது? ஆனால் தேநீர்க் கடையில் யாரும் இதைப் பற்றி வழக்காடுவதில்லை. மழைக்காகப் போட்டியை நிறுத்தியிருக்க வேண்டுமா என்று யாரும் மேசையைத் தட்டுவதில்லை. தெரியாத ஒன்றைப் பற்றி எப்படி வழக்காடுவது?

பிறகு 2024 மே மாதம் ஜப்பானின் கோபேயில் உலக சாம்பியன் பட்டம், 1.88. அதே ஆண்டு செப்டம்பரில் பாரிசில் வெண்கலம், 1.85. பாரிசில் அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெக் 1.94 தாண்டித் தங்கம் வென்றார். லண்டனில் 1.74 ஆக இருந்த உயரம் பாரிசில் 1.94. பன்னிரண்டு ஆண்டில் 20 சென்டிமீட்டர் ஏறிய ஓர் அலையின் மேல், அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்க மேடையை விட்டு இறங்காமல் ஒருவர் நின்றிருக்கிறார். சாதனை என்றால் அதுதான். அதை எழுதப் பேருந்தும் காய்கறிக் கூடையும் மட்டும் போதா.

*

மறுப்புகள் வரும் என்பதை அறிவோம். கூட்டத்திலேயே சில வந்தன.

‘ஏழ்மையும் தாயின் உழைப்பும் உண்மைதானே, அவற்றை எழுதக் கூடாதா?’ என்றார் ஒருவர். எழுதலாம், எழுத வேண்டும். எங்கள் புகார் அவை இடம்பெற்றதைப் பற்றியதன்று. அவற்றோடு நின்றதைப் பற்றியது. ஒரு சிற்பியைப் பற்றி எழுதப் புகுந்து, அவன் பட்ட பசியை மட்டும் எழுதிவிட்டுச் சிலையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து போவதைச் சிற்பியின் தாயே விரும்பமாட்டாள்.

‘உடற்குறை உடையவர் என்பதால்தான் அவர் பிறருக்கு ஊக்கம்’ என்றார் இன்னொருவர். இதைத்தான் நாங்கள் மிகவும் மறுக்கிறோம். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் வாழ்ந்து 2014இல் மறைந்தவர், இதைப் பற்றிக் கடுமையாகப் பேசியிருக்கிறார். உடற்குறை உடையோரைப் பார்த்து ‘நம் வாழ்க்கை பரவாயில்லை’ என்று மற்றவர்கள் ஆறுதல் கொள்வதற்கான பொருளாக அவர்களை ஆக்கிவைத்திருக்கிறோம் என்பது அவர் வாதம். தமிழில் மாரியப்பனைப் பற்றி எழுதப்பட்டவற்றை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை மாரியப்பனைப் பற்றியவை அல்ல. படிக்கிற நம்மைப் பற்றியவை. நம் சோம்பலைக் கடிந்து நம்மை எழுப்பிவிட ஒருவருடைய காலைக் கடன் வாங்கியவை.

‘கிரிக்கெட்டுக்குப் பணமும் தொலைக்காட்சியும் உண்டு, அதனால் விவரம் கிடைக்கிறது’ என்றார் மூன்றாமவர். இதில் உண்மை உண்டு. சின்னப்பம்பட்டி நடராஜனும் சேலம் மாவட்டத்துக்காரர்தான், ஏழ்மையிலிருந்து வந்தவர்தான். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சில் அவர் எடுத்த மூன்று விக்கெட்டுகள் யாருடையவை என்று இங்கே சிறுவர்களும் சொல்வார்கள்: வேட், லபுஷேன், ஹேசல்வுட். ஒவ்வொரு பந்தும் பதிவாகியிருக்கிறது. யார்க்கர் என்ற சொல் கிராமத்துச் சொல்லாகிவிட்டது. ஆனால் பாராலிம்பிக்கின் முடிவுகளும் யாரும் பூட்டி வைத்தவை அல்ல. தேடுபவருக்கு அவை கிடைக்கின்றன. கிடைக்காமல் போனது விவரம் அன்று; அதைத் தேடவேண்டும் என்ற எண்ணம்.

‘எண்களை அடுக்குவது இலக்கியவாதியின் வேலையா?’ என்பது நான்காவது மறுப்பு. இதற்கு விடை நம் மரபிலேயே இருக்கிறது. முல்லைக்கலியில் ஏறு தழுவலைப் பாடியவர்கள் காளைகளின் நிறத்தையும் கொம்பையும் மறுகையும் வேறுவேறாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ தந்தையைக் காளையிடம் இழந்த மகனின் கதைதான். துயரம் அங்கேயும் உண்டு. ஆனால் நம் நெஞ்சில் நிற்பது திட்டிவாசலில் காளை வந்து நிற்கும் நிலையும், திமிலில் கை விழும் கணமும். செல்லப்பா அனுதாபத்தோடு நின்றிருந்தால் அந்தக் கதையை இன்று யார் படிப்பார்கள்?

அதற்கும் முன்னே போவோம். 1965இல் பிரிக்கப்படும் வரை தருமபுரி எங்கள் சேலம் மாவட்டத்தின் பகுதி. அந்தப் பக்கத்திலும் செங்கத்தைச் சுற்றியும் நடுகற்கள் மிகுதி. படிப்பறிவு அரிதாக இருந்த காலத்தில், ஓர் ஆநிரைச் சண்டையில் இறந்த எளிய மறவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். அந்தக் கல்லில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊரின் ஆநிரை, வீரனின் பெயர் என்ன என்று வெட்டி வைத்தார்கள். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனோடு அவனுடைய நாயும் உண்டு. நாயின் பெயர் கோவிவன் என்பதும், அது கள்ளர் இருவரைக் கடித்தது என்பதும் கல்லில் இருக்கின்றன. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாய் எத்தனை பேரைக் கடித்தது என்பதை நாம் அறிவோம். 2016இல் மாரியப்பன் எத்தனை சென்டிமீட்டர் தாண்டினார் என்பதை அவர் ஊர்ச் சாலையில் தேநீர் குடிப்பவர் அறியவில்லை. கல்லில் எழுதியவர்களுக்கு இடம் குறைவு. அதனால் அவர்கள் அழவில்லை, விவரம் எழுதினார்கள். நமக்குக் காகிதமும் திரையும் வரம்பில்லாமல் கிடைத்தன, அழுதுகொண்டே இருக்கிறோம்.

*

குறை சொல்லிவிட்டுப் போவது எளிது. எனவே எங்கள் வேலையை நாங்களே இப்படி வகுத்துக்கொண்டிருக்கிறோம். மாரியப்பனைப் பற்றிய குறிப்பின் முதல் பத்தியில் நாளும் களமும் பிரிவும் உயரமும் வரும். இரண்டாவது பத்தியில் உடன் தாண்டியவர்கள், அவர்களின் உயரங்கள். மூன்றாவதில் முந்தைய பாராலிம்பிக்கின் உயரமும் பிந்தையவற்றின் உயரங்களும். நான்காவதில் அவர் ஓடிவரும் முறையும் எழும்பும் முறையும், படக்காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எழுதப்படும். ஐந்தாவதில் கற்றுக்கொடுத்தவர்கள். விபத்தும் வறுமையும் தாயாரும் ஆறாவது பத்தியில் வருவார்கள். அப்போது அந்தத் தாயாரின் உழைப்பு எதற்காக என்பது படிப்பவருக்குத் தானே விளங்கும்.

இந்த வேலைக்கு ஆட்கள் வேண்டும். இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்களின் பழைய பதிவேடுகள் வேண்டும். மாவட்டப் போட்டிகளின் மங்கிப்போன சான்றிதழ்கள் வேண்டும். மணல் குழியருகே நின்று அளவு நாடா பிடித்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பேப் ரூத்தின் விரலைப் பற்றிக் கேட்க இன்று நேரில் பார்த்தவர் எவரும் இல்லை. நம் ஆள் நம்மோடு இருக்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களிடம் இன்றே கேட்கலாம். அந்த வாய்ப்பு எப்போதும் இருக்காது.

அடுத்த முறை மாரியப்பனைப் பற்றி யாராவது பேசினால், கண் கலங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு உயரம்? விடை 1.89 மீட்டர். இரண்டு கோடியை நினைவில் வைத்திருக்கும் நமக்கு இந்த மூன்று இலக்கங்கள் பாரமல்ல.